விபத்துக்குப் பின் பயந்த குழந்தைக்குக் கொரியக் கஷாயம்: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: தென்கொரியாவில் சுவோன் நகரில் வசிக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன் சிக்னலில் நின்ற எங்கள் காரைப் பின்னால் வந்த வண்டி இடித்தது. ஆறு வயது மகளுக்குக் காயமில்லை. ஆனால் இரவில் அலறி எழுகிறாள், படுக்கையை நனைக்கிறாள், காரில் ஏற மறுக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மா, "ஹனிவோனில் (கொரியப் பாரம்பரிய மருத்துவக் கிளினிக்) கஷாயம் வாங்குங்கள், இன்சூரன்ஸே கட்டிவிடும்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இன்சூரன்ஸ் கட்டும் என்பது சரிதான். கொரியாவில் பாரம்பரிய மருத்துவத்தின் அக்குபங்சர் ஊசி, கப்பிங் (தோலில் குவளை வைத்து உறிஞ்சும் சிகிச்சை), கஷாயம் எல்லாம் வாகனக் காப்பீட்டுக்குள் வருகின்றன. இடித்தவரின் காப்பீட்டு நிறுவனம் தரும் பதிவு எண்ணைக் கிளினிக்கில் சொன்னால், அவர்களே பேசிப் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். காசு போகாது என்பதற்காக அவசரப்பட வேண்டாம்.

முதலில் தலையைப் பாருங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம் இருந்தால் அது பயம் அல்ல. உடனே 119 அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், இந்த அறிகுறிகள் விபத்துக்குப் பின் பல குழந்தைகளுக்கு வருபவைதான். பலருக்குச் சில வாரங்களில் தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். விபத்தின் நினைவைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சு சிகிச்சைக்குத்தான் குழந்தைகளிடம் வலுவான ஆதாரம் உண்டு. கஷாயத்துக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. துணையாக வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பதிலாக அல்ல.

வாங்குவதென்றால் குழந்தை மருத்துவத்திலோ நரம்பு-மனநலத்திலோ நிபுணர் பட்டம் பெற்ற கொரிய மருத்துவரைத் தேடுங்கள். இரண்டும் அங்கே தனித் துறைகள். "இதயமும் பித்தப்பையும் பலவீனம்" என்று அவர் சொன்னால் பயந்துவிடாதீர்கள். எளிதில் திடுக்கிடும் நிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

கஷாயம் சின்னச் சின்னப் பைகளில் வரும். பையின் மேல் மூலிகைப் பெயர் பெரும்பாலும் இருக்காது. பட்டியலை எழுதிக் கேளுங்கள், மகளின் எடையைச் சொல்லி ஒரு வேளைக்கு எத்தனை மில்லி என்பதையும் எழுதி வாங்குங்கள். பெரியவர் பையைப் பாதியாக்கிக் கொடுப்பது அளவு ஆகாது. பட்டியலில் பார்க்க வேண்டியவை:

அதிமதுரம் (கம்ச்சோ) ஏறக்குறைய எல்லாக் கஷாயத்திலும் இருக்கும். அதிமதுரம், கோதுமை, இலந்தை மூன்றும் சேர்ந்த கஷாயம் பயத்துக்கும் அழுகைக்கும் பழங்காலத்திலிருந்தே தரப்படுவது. கூடவே சளிக் கஷாயமும் குடித்தால் அதிமதுரம் இரட்டிப்பாகும். உடம்பில் பொட்டாசியம் குறைந்து, வீக்கமும் தசைத் தளர்ச்சியும் வரலாம். கோதுமை ஒவ்வாத குழந்தை என்றால் முன்பே சொல்லுங்கள்.

மாஹ்வாங் (எபெட்ரா என்ற மூலிகை) இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது இதயத் துடிப்பைக் கூட்டித் தூக்கத்தைக் கெடுக்கும். பயந்த குழந்தைக்கு நேர் எதிரான மருந்து.

ஜுசா என்பது பாதரசம் கலந்த சிவப்புக் கனிமம். பயத்தைத் தணிக்கும் பழைய உருண்டைகளிலும் பொடிகளிலும் சேர்த்தது. உள்ளடக்கம் எழுதாத உருண்டை யார் கொடுத்தாலும், ஊரிலிருந்து வந்தாலும், வாயில் வைக்காதீர்கள்.

முதலில் மூன்று, நான்கு நாளுக்கு மட்டும் வாங்குங்கள். பையை ஃப்ரிட்ஜில் வைத்து, வெந்நீரில் போட்டுச் சூடாக்குங்கள். உப்பிய பை புளித்துவிட்டது, கொட்டிவிடுங்கள். தடிப்பு, வயிற்றுப்போக்கு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அக்குபங்சர் ஊசிக்கு அழுதால் கட்டாயப்படுத்த வேண்டாம். ஒட்டும் ஊசியோ லேசரோ உண்டா என்று கேளுங்கள்.

இனி தேதி. 2023 முதல், லேசான காயம் எனத் தரம் பிரிக்கப்பட்டவர்களுக்கு (12 முதல் 14 வரையிலான தரம்) நான்கு வாரத்துக்கு மேல் சிகிச்சை தொடர மருத்துவரின் நோயறிதல் சான்று வேண்டும். உங்களுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. இந்த வாரமே மருத்துவரிடம் போய், அலறல், படுக்கை நனைத்தல், கார் பயம் மூன்றும் விபத்துக்குப் பின் தொடங்கியவை என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். எந்த இரவு எத்தனை முறை எழுந்தாள் என்ற குறிப்பையும் கொண்டு போங்கள்.

கேள்வி: காப்பீட்டுக்காரர் போனில் ஒரு தொகை சொல்லி முடித்துக்கொள்ளச் சொல்கிறார்.

பதில்: இப்போது வேண்டாம். ஹபுயி (சமரச ஒப்பந்தம்) கையெழுத்தான பிறகு அதே விபத்துக்குச் சிகிச்சைப் பணம் கேட்பது மிகக் கடினம். இழப்பீடு கோர மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. பிள்ளையின் சார்பில் பெற்றோர் இருவருமே கையெழுத்திட வேண்டும் என்பதால், "கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பது முழு நியாயமான பதில். நெருக்கினால் நிதிக் கண்காணிப்பு அலுவலகத்தின் 1332 எண்ணில் புகார் சொல்லுங்கள்.