அந்தப் புத்தகம் யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குருவைச் சுற்றி இயங்கும் பக்தி மரபினரான ஹசிதிய யூதர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் ஓர் ஏலப் பட்டியலைப் பார்த்தேன். சாதாரண அச்சுப் புத்தகம்தான். ஒரு ரெபேயிடம், அதாவது அவர்களுடைய குருவிடம், இருந்தது என்பதற்காகப் பல மடங்கு விலை. சிலை வணக்கத்தை அவ்வளவு கடுமையாக மறுக்கும் மதத்தில் இதற்கு எப்படி இடம்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

ஹசிதியத்தை எதிர்த்த ரப்பிகளுக்கும் (யூத மத அறிஞர்களுக்கும்) இந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இறைவனின் பெயர் அச்சான தாள் கிழிந்து போனால் யூதர்கள் அதைக் குப்பையில் போடமாட்டார்கள், மண்ணில் புதைப்பார்கள். அது ரெபேயின் புத்தகமாக இருந்தாலும் சரி, தையல்காரரின் புத்தகமாக இருந்தாலும் சரி. புனிதம் எழுத்தில் இருக்கிறது, வைத்திருந்தவரிடம் இல்லை.

பழைய எபிரேயப் புத்தகங்களில் பெயர் எழுதும் முறையே அழகானது. முதலில் 24ஆம் சங்கீதத்தின் தொடக்கம்: 'பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது.' அதற்கப்புறம்தான் 'இது இன்னாருடையது.' சிலர் அந்த வரியின் முதலெழுத்துகளை மட்டும் போட்டுவிட்டுத் தங்கள் பெயரை எழுதுவார்கள். பழுப்பேறிய மையில் ஒரு பெயர், கீழே வேறொரு கையெழுத்தில் இன்னொன்று, அதற்கும் கீழே ஒரு முத்திரை. அப்படியொரு தாளைப் படத்தில் பார்த்தபோது வெகுநேரம் அடுத்த பக்கத்துக்குப் போக மனம் வரவில்லை. என்னுடையது என்று எழுதும் முன்பே என்னுடையதல்ல என்று எழுதிவிடுகிறார்கள்!

ரெபேயின் புத்தகம் என்றால் ஹசிதியர் தேடுவது ஓரக்குறிப்பைத்தான். குரு எந்த வரியில் நின்றார், எங்கே சந்தேகப்பட்டார் என்பது அதில் இருக்கும். போலிக் கையெழுத்துகளும் சந்தைக்கு வருகின்றன. தாளில் எந்தத் தடயமும் இல்லாமல் 'பரம்பரையாகச் சொல்லப்படுகிறது' என்று மட்டும் எழுதியிருந்தால் நான் நம்பமாட்டேன்.

இனி உங்கள் கேள்வியின் மையம். ஹசிதியத்தின் ஒரு கிளையான லுபாவிச் மரபின் ஆறாவது ரெபே யோசேஃப் யிட்ஸ்ஹாக் ஷ்னேர்சோன் 1950-ல் காலமானார். 1985-ல் புரூக்ளினில் இருந்த அவருடைய நூலகத்திலிருந்து சில நூறு புத்தகங்கள் காணாமல் போயின. எடுத்தவர் அவருடைய பேரன். தாத்தாவின் சொத்தில் தனக்குப் பங்குண்டு என்று நினைத்து, சிலவற்றை விற்றும் விட்டார். வழக்கு அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது.

அங்கே முக்கியச் சான்றானது, 1946-ல் ரெபே நியூயார்க்கின் யூத இறையியல் கல்லூரி நூலகர் அலெக்ஸாண்டர் மார்க்ஸுக்கு எழுதிய கடிதம். போரில் போலந்தில் சிக்கிய புத்தகங்களை மீட்க உதவி கேட்டு எழுதியது. அதில் அவர் அவற்றைத் தன் சொத்து என்று சொல்லவில்லை, ஹசிதியர் அமைப்பின் உடைமை என்கிறார். எதிர்த்தரப்பு அதை வெறும் உத்தி என்றது. ரெபேயின் மகள் ஹாயா முஷ்காவின் சாட்சியம் இன்னும் நேரடியானது: புத்தகங்கள் ஹசிதியருடையவை, ஏனென்றால் என் தந்தையே அவர்களுடையவர். எத்தனை முறை படித்தாலும் என்னை அசைக்கிற பதில் இது. சொந்த அக்கா மகனுக்கு எதிரான வழக்கில் சொன்னது.

1987 ஜனவரி 6 அன்று தீர்ப்பு நூலகத்தின் பக்கம் வந்தது. யூத நாட்காட்டியில் அது தேவேத் மாதம் ஐந்தாம் நாள். இன்றும் அந்த நாளில் லுபாவிச் மக்கள் புத்தகம் வாங்குகிறார்கள், வீட்டில் கிழிந்து கிடப்பவற்றைப் பைண்டிங்குக்குக் கொடுக்கிறார்கள்.