லைப்ரரியைக் காணவில்லை என்று கணினி சொன்னால்

கேள்வி: என் கணினியில் ஆர்ச் லினக்ஸ் இருக்கிறது. கணினி முழுவதையும் புதுப்பித்தபோது, பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) நிறுவும் பேக்மேன் 7.0 பதிப்புக்கு மாறியது. அதன்பின், பேக்மேனுக்குத் துணையாகப் பயன்படுத்தும் யே கட்டளையைக் கொடுத்தால், பேக்மேனுடன் வரும் 'லிப்ஆல்பிஎம்.எஸ்ஓ.14' என்னும் ஷேர்டு லைப்ரரியை (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோப்பை) திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பிழைச் செய்தி வருகிறது. தேடிப் பார்த்தால் 15 என்ற எண்ணுடன் ஒரு கோப்பு இருக்கிறது. அதற்கு 14 என்ற பெயரில் ஒரு சிம்பாலிக் லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர்) போட்டால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். லிங்க் போட்டதும் யே திறந்துகொள்ளக்கூடும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. லைப்ரரியின் பெயரை ஒட்டி வரும் அந்த எண்ணை யாரும் காரணமில்லாமல் மாற்றுவதில்லை. பழைய நிரல்களுக்கு ஒத்துவராத வகையில் லைப்ரரியின் உள்ளமைப்பு மாறும்போதுதான், அதாவது ஃபங்ஷன்கள் எதிர்பார்க்கும் மதிப்புகளோ நினைவகத்தில் தரவுகள் அடுக்கப்படும் வரிசையோ மாறும்போதுதான், 14 என்பது 15 ஆகிறது. 14-க்கென்று கம்பைல் செய்யப்பட்ட (மூலநிரலிலிருந்து இயங்கும் வடிவத்துக்கு மாற்றப்பட்ட) நிரலிடம் பெயரை மட்டும் மாற்றி 15-ஐக் கொடுத்தால், அது ஒன்றைப் படிக்க வேண்டிய இடத்தில் வேறொன்றைப் படித்துவிடும். எந்த பேக்கேஜை நிறுவுவது, எதை நீக்குவது என்று கணக்கிடும் கருவி அப்படித் தப்பாகப் படிப்பதை அனுமதிக்கவே கூடாது. எல்டிகான்ஃபிக் கட்டளையும் இங்கே உதவாது. அது இருக்கிற லைப்ரரிகளின் பட்டியலைப் புதுப்பிக்குமே தவிர, இல்லாத கோப்பைக் கொண்டுவந்து தராது.

பேக்மேன் மாறியபோது யே ஏன் சேர்ந்து மாறவில்லை? ஆர்ச்சின் அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் உள்ள பேக்கேஜ்களை, லைப்ரரியின் எண் மாறும்போது அவற்றின் பொறுப்பாளர்களே மறுபடியும் கம்பைல் செய்து வெளியிட்டுவிடுகிறார்கள். பயனர்கள் பகிரும் களஞ்சியமான ஏயூஆரிலிருந்து எடுத்து நீங்கள் கம்பைல் செய்துகொண்ட யே அந்தக் கணக்கில் வராது. அதை மறுபடியும் கம்பைல் செய்வது உங்கள் பொறுப்பு.

யே திறக்காததால் அதைக் கொண்டே அதைப் புதுப்பிக்க முடியாது. குளோன் செய்ய (நகலெடுக்க) உதவும் கிட், கம்பைல் செய்யும் கருவிகளின் தொகுப்பான பேஸ்-டெவல் ஆகிய இரண்டும் இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொண்டு, ஏயூஆரில் உள்ள யே களஞ்சியத்தை ஒரு புதிய அடைவில் குளோன் செய்து, அந்த அடைவுக்குள் சென்று, சாதாரணப் பயனராகவே, பேக்கேஜை உருவாக்கும் மேக்பிகேஜி கட்டளையைச் சிறிய எஸ், ஐ என்னும் இரண்டு தெரிவுகளோடு கொடுங்கள். முன்பு குளோன் செய்த பழைய அடைவையே பயன்படுத்தினால் பழைய மூலநிரலே கம்பைல் ஆகி, அது புதிய லைப்ரரியோடு பொருந்தாமல் போகலாம். முடிந்ததும், ஒரு நிரலுக்குத் தேவையான லைப்ரரிகளைக் காட்டும் எல்டிடி கட்டளையை யே கோப்பின் மீது ஓட்டிப் பாருங்கள். முன்பு 'நாட் ஃபவுண்ட்' என்று காட்டிய வரியில் இப்போது லிப்ஆல்பிஎம்.எஸ்ஓ.15 என்ற பெயரும் அதன் முழுப் பாதையும் இருக்க வேண்டும். நண்பரின் யோசனைப்படி ஏற்கெனவே லிங்க் போட்டிருந்தால் அதை முதலில் அழித்துவிடுங்கள். இல்லையென்றால் லிப்ஆல்பிஎம்மைப் பயன்படுத்தும் வேறு பழைய நிரல்களும் பிழை காட்டாமல் திறந்து, கோளாறை மறைத்துவிடும்.

இதைவிடக் கடுமையான நிலை ஒன்று உண்டு. பேக்மேன் கட்டளையில் பெரிய எஸ், சிறிய ஒய் ஆகியவற்றோடு ஒரே ஒரு பேக்கேஜின் பெயரைக் கொடுத்து, மற்றவற்றைப் புதுப்பிக்காமல் விடுபவர்களுக்கு, குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற அடிப்படை லைப்ரரி மட்டும் மாறி, பேக்மேனே திறக்காமல் போகலாம். அப்போது ஆர்ச்சின் அண்மைய நிறுவல் யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கி, உங்கள் ரூட் பகுதியை (லினக்ஸ் நிறுவப்பட்ட வட்டுப் பகுதியை) எம்என்டி அடைவில் மவுண்ட் செய்து (இணைத்து), பூட் பகுதி தனியாக இருந்தால் அதையும் உரிய இடத்தில் மவுண்ட் செய்யுங்கள். பிறகு யூஎஸ்பியில் உள்ள பேக்மேனுக்கு சிஸ்ரூட் தெரிவின் மூலம் அந்த அடைவைக் காட்டி, பெரிய எஸ், சிறிய ஒய், சிறிய யூ என்று கொடுத்து முழுமையாகப் புதுப்பியுங்கள். வட்டில் உள்ள பேக்மேன் பழுதாகியிருந்தாலும், இங்கே ஓடுவது யூஎஸ்பியில் உள்ளது என்பதால் வேலை தடைப்படாது.