மரப்பட்டைத் துணி ஓவியத்தை லேமினேஷன் செய்யலாமா?

கேள்வி: உகாண்டாவின் கம்பாலாவில் மரப்பட்டைத் துணியில் தீட்டிய யானைக்கூட்ட ஓவியம் வாங்கினோம். மடித்துக் கொண்டுவந்ததில் நடுவே கோடு விழுந்துவிட்டது. இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டுத் தைத்திருக்கிறது; ஏமாந்துவிட்டோமா? ஃப்ரேம் கடைக்காரர் லேமினேஷன் செய்யச் சொல்கிறார்.

பதில்: லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகும் பசை நாருக்குள் இறங்கினால் பிறகு எவராலும் எடுக்க முடியாது. ப்ளைவுட்டில் பசை தடவி ஒட்டுவதும் அப்படித்தான். கடைக்காரருக்கு அரை மணி நேரத்தில் வேலை முடியும். அவர் வேறென்ன சொல்வார்?

ஒட்டுத் தையலுக்குக் கவலைப்படாதீர்கள். இது முதுபா என்ற அத்தி இன மரத்தின் உள்பட்டை. உரித்த பட்டையை வரிவெட்டுள்ள மரச் சுத்தியல்களால் தட்டித் தட்டி அகலமாக்குகிறார்கள். கிளை முளைத்த இடத்தில் ஓட்டை விழும். அதே துணியின் துண்டை வைத்துத் தைப்பார்கள். நார் ஓட்டமும் நிறமும் ஒத்திருந்தால் அது செய்தவர் போட்ட ஒட்டு. நிறம் ஒவ்வாமல், வண்ணப்பூச்சின் மேலேயே தையல் ஓடியிருந்தால் பின்னால் கிழிந்ததை மறைத்திருக்கிறார்கள். உங்களுடையதில் தையலின் மேல் வண்ணம் இருக்கிறதா, வண்ணத்தின் மேல் தையலா என்று பாருங்கள்.

"நூறு வருடத்து அரச குடும்பத்துத் துணி" என்று சொல்லி விற்றார்களா? முடிசூட்டுக்கும் ஈமச் சடங்குக்கும் உகாண்டாவின் பகாண்டா இன மக்கள் இத்துணியைப் பயன்படுத்துவது உண்மை. ஆனால் யானை, ஒட்டகச்சிவிங்கி படமெல்லாம் சுற்றுலாப் பயணிக்காக வந்த சரக்கு. யுனெஸ்கோ 2005இல் இந்தக் கைவினையைச் சிறப்பித்தும், தட்டியவர் பெயர் விலைச்சீட்டில் ஏறுவதில்லை. தரகருக்கு அது வசதி.

மடிப்பை எடுக்க நீராவி இஸ்திரி கூடாது. ஈரப் பஞ்சால் வண்ணத்தின் ஓரத்தைத் தொடுங்கள். பஞ்சில் நிறம் ஏறினாலோ வண்ணம் செதிலாக எழுந்திருந்தாலோ அதோடு நிறுத்தி, பழைய ஓவியம், துணிகளைப் பழுதுபார்க்கும் நிபுணரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் மூடியுள்ள பெரிய டப்பாவில் பிழிந்த துண்டைப் போட்டு, அதன் மேல் வலைத்தட்டில் ஓவியத்தை வையுங்கள்; துண்டு ஓவியத்தில் படக்கூடாது. ஒரு மணி நேரம் போதும். இளகியதும் வண்ணப் பக்கத்தில் கேக் சுடப் பயன்படும் ஒட்டாத தாள், அடியில் மையொற்றுத் தாள் (ப்ளாட்டிங் பேப்பர்) வைத்து, பலகையும் சில புத்தகங்களும் ஏற்றி மூன்று நாள் விடுங்கள். மையொற்றுத் தாளைத் தினமும் மாற்றுங்கள். ஈரம் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

ஃப்ரேமில் அமிலமற்ற அட்டை போடச் சொல்லுங்கள். மேல் விளிம்பை மட்டும் ஜப்பானியத் தாள் என்ற மெல்லிய, உறுதியான நார்த்தாளின் பட்டைகளால் தொங்கவிட வேண்டும். மழைக்காலத்தில் துணி விரிய இடம் வேண்டும். கண்ணாடி துணியில் படாமல் அரை சென்டிமீட்டர் இடைவெளி தேவை. அக்ரிலிக் தகடு வேண்டாம், நிலைமின்சாரம் தளர்ந்த நாரை இழுக்கும். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். வெயிலில் காய்ந்துதான் பட்டைக்கே அந்தச் செம்பழுப்பு வந்தது; மேலும் வெயில் பட்டால் நிறம் இன்னும் மாறும்.