என் முதல் கட்டற்ற மென்பொருளுக்கு எம்ஐடி உரிமம் போதுமா, ஜிபிஎல் வேண்டுமா?

புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தில் நிரலாளராக இருப்பதாகவும், ஓய்வு நேரத்தில் எழுதிய செயலியைக் கட்டற்றதாக, அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் விட்டு வெளியிடப் போவதாகவும், எம்ஐடி உரிமத்தின் வாசகம் சின்னதாக இருப்பதால் அதையே போட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம். ஆனால் சின்னதாக இருக்கிறது என்பதற்காகப் போடாதீர்கள். உங்கள் நிரலை எடுத்து மாற்றி விற்பவர், தன்னிடம் வாங்குகிறவருக்கு மூலநிரலை, அதாவது படித்து மாற்றக்கூடிய வடிவில் உள்ள நிரலை, கொடுத்தே ஆக வேண்டுமா, மூடி வைத்துக்கொள்ளலாமா? முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஜிபிஎல். மூடிக்கொண்டாலும் பரவாயில்லை என்றால் எம்ஐடி.

நான் கடலூர் முதுநகர்க்காரன். மீன் ஏலக் கணக்குக்கு ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறேன். எந்தப் படகு, என்ன மீன், எத்தனை பெட்டி, என்ன விலைக்குப் போனது, டீசலும் ஐஸும் கழித்து யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும், அவ்வளவுதான். இதற்கு எம்ஐடி போட்டிருந்தால், யார் வேண்டுமானாலும் பங்கு பிரிக்கும் கணக்கை மாற்றி, மூடிய செயலியாக்கி, அதே படகுக்காரரிடம் மாதச் சந்தாவுக்கு விற்கலாம். என் பெயரும் உரிம வாசகமும் எங்காவது ஒரு மூலையில் இருந்தால் போதும். விற்கட்டும், ஜிபிஎல்லும் விற்பதைத் தடுப்பதில்லை. ஆனால் தன் பங்கை எப்படிப் பிரித்தார்கள் என்று கடலுக்குப் போய் வந்தவர் பார்க்க முடியாமல் போவதை என்னால் ஏற்க முடியாது.

ஜிபிஎல்லிலும் ஒரு ஓட்டை உண்டு. நிரலை அடுத்தவர் கையில் கொடுத்தால்தான் அதன் நிபந்தனை பொருந்தும். சர்வரில் வைத்துக்கொண்டு பிரவுசர் வழியே மட்டும் பயன்படுத்த விட்டால் பொருந்தாது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2007-இல் வெளியிட்ட, ஜிபிஎல்லை ஒத்த ஏஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் 13-ஆம் பிரிவு இதை அடைக்கிறது. நிரலை மாற்றி இணையத்தில் ஓட்டுகிறவர், அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மூலநிரலைத் தர வேண்டும். நான் போட்டது அதைத்தான். உங்கள் செயலியும் சர்வரில் ஓடுவது என்றால் நீங்களும் அதையே போடுங்கள் என்பேன்.

பழைய தமிழ் எழுத்துருக்களை யூனிகோடாக மாற்றுவது போன்ற, பிற மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் சிறு லைப்ரரி என்றால் கதை வேறு. அது எல்லா மென்பொருளிலும் போய்ச் சேர்வதே நல்லது. அதற்கு எம்ஐடியோ, பேட்டன்ட் அனுமதியும் சேர்த்துத் தரும் அப்பாச்சி 2.0 உரிமமோ போதும். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு மட்டும் என்றிருக்கும் நிரலோடு அப்பாச்சி 2.0 நிரலைக் கலக்க முடியாது, மூன்றாம் பதிப்போடு கலக்கலாம். எனவே நீங்கள் சேர்த்திருக்கும் லைப்ரரிகளின் உரிமங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எந்த உரிமமும் போடாமல் நிரலைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றினால் அது கட்டற்றது ஆகிவிடாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி நிரலும் இலக்கியப் படைப்புதான், அனுமதி இல்லாமல் யாரும் பிரதி எடுக்க முடியாது. அதே சட்டத்தின்படி, வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனம்தான் முதல் உரிமையாளர். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் ஓய்வு நேரத்தில் எழுதுவதைப் பற்றியும் ஏதாவது இருக்கலாம். எடுத்துப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு வெளியிடுங்கள்.

முதல் ஆள் திருத்தம் அனுப்புவதற்குள் உரிமத்தை முடிவு செய்துவிடுங்கள். எம்ஐடியிலிருந்து பிறகு ஜிபிஎல்லுக்குப் போவது எளிது. ஜிபிஎல்லிலிருந்து எம்ஐடிக்கு வர, நிரல் எழுதித் தந்த ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டு நிற்க வேண்டும்.