எழுத்தும் குறியும் பக்கத்தில் சரியாகத் தெரிய: வாசகர் கேள்விகள்

கே: தளத்தில் தமிழுக்குப் பதில் தலையில் கோடு போட்ட சின்ன ஏ-யும் ® குறியும் வரிசையாக வருகிறதே?

உங்கள் தமிழ் பத்திரமாகத்தான் இருக்கிறது, உலாவிதான் தப்பாகப் படிக்கிறது. எழுத்துகளைக் கணினிக்கான எண்களாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து, கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், அதையே பழைய ஐரோப்பிய முறையான விண்டோஸ்-1252 என்று எடுத்துக்கொண்டால் மூன்று தனித்தனி ஐரோப்பியக் குறிகளாகக் காட்டும். பக்கம் எந்த முறையில் இருக்கிறது என்று உலாவிக்குச் சொல்லும் மெட்டா சார்செட் வரியை (<meta charset="utf-8">) ஹெட் பகுதியின் தொடக்கத்திலேயே போடுங்கள், பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் அது வந்துவிட வேண்டும். அப்படியும் சரியாகாவிட்டால் பக்கத்தோடு சர்வர் அனுப்பும் கண்டென்ட்-டைப் ஹெடர் என்ற தகவல் வரியைப் பாருங்கள்; அதில் வேறு சார்செட் இருந்தால் மெட்டா எடுபடாது. தயவுசெய்து அந்தக் குப்பையை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தாதீர்கள், பாதியில் சேமித்துவிட்டால் அப்புறம் மூலத்தை மீட்பது பெரும்பாடு.

கே: தமிழ் நன்றாக வருகிறது, எமோஜி போட்டால் மட்டும் பதிவு அங்கேயே அறுந்துபோகிறது.

உங்கள் தளத்தின் தரவுத்தளம் மைஎஸ்கியூஎல்-தானே? அதில் யூடிஎஃப்8 என்ற பெயரில் இருப்பது மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழ் அதற்குள் அடங்கிவிடுவதால் இத்தனை நாள் கோளாறு தெரியவில்லை, எமோஜிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு பைட் வேண்டும். பேக்கப் எடுத்துவிட்டு, நான்கு பைட் தாங்கும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாறுங்கள். டேபிளை மாற்றிவிட்டு, தளம் தரவுத்தளத்தோடு பேசும் கனெக்‌ஷனை அப்படியே விட்டால் வேலை பாதிதான் முடிந்தது. எமோஜியே வேண்டாம் என்பவர்களும் மாறத்தான் வேண்டும்: 2019-ல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி, மாகாணி போன்ற நம் பின்னக் குறிகளுக்கும் நான்கு பைட்தான்.

கே: < போட்டால் அதற்குப் பின்னால் உள்ளது காணாமல் போகிறது.

உலாவி அதை டேக் என்று நினைக்கிறது. அந்த இடத்தில் குறிக்குப் பதிலாக < என்ற எச்டிஎம்எல் என்டிட்டியை எழுதுங்கள்.

கே: ₹ சிலருக்குக் கட்டமாகத் தெரிகிறது.

இது எழுத்துருப் பிரச்சினை. ₹ யூனிகோடுக்கு வந்ததே 2010-ல், அதற்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்காது. அந்தக் குறி உள்ள, பக்கத்தோடு சேர்ந்தே இறங்கும் வெப் ஃபாண்ட் ஒன்றை இணைத்துவிடுங்கள். படமாகப் போட வேண்டாம், விலையை நகலெடுத்து ஒட்டும்போது குறி வராது.

கே: பக்கத்தில் ஔவையார் இருக்கிறார், தேடினால் கிடைப்பதில்லை!

தட்டியவர் ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்துப் போட்டிருப்பார். கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் கணினிக்கு அது வேறு சொல், ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் நார்மலைசேஷனும் இதைச் சரிசெய்யாது, பழைய பதிவுகளில் தேடி மாற்றத்தான் வேண்டும். ஆனால் 'கொ' போன்றவற்றில் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருந்தால் என்எஃப்சி என்ற நார்மலைசேஷன் வகை அவற்றை ஒன்றாக்கிவிடும். சேமிக்கும்போது மட்டுமல்ல, தேடும் சொல்லுக்கும் அதை ஓட்டுங்கள்.