கொளுத்திப் போட்டது யாராம்?

கேள்வி: எங்கள் ஊரில் குடிதண்ணீர் கேட்டுப் பெண்கள் காலிக்குடத்தோடு மறியல் செய்தார்கள். "சிலர் தூண்டிவிடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார் ஓர் அதிகாரி. தூண்டிவிடுவது, உசுப்பேத்துவது, கலகம் மூட்டுவது எல்லாம் ஒன்றுதானா? பத்திரிகைக்காரர்களாகிய நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள்? (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

பதில்: ஒன்றில்லை. எல்லாம் ஒன்று என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தால் அந்த அதிகாரிக்கு வசதி, அவ்வளவுதான்.

தூண்டுவது கெட்ட வேலையே இல்லை. விளக்கில் திரி உள்ளே போய்ச் சுடர் மங்கும்போது ஒரு சின்னக் குச்சியால் திரியை முன்னே தள்ளுகிறோமே, அந்தக் குச்சிக்குப் பெயர் தூண்டுகோல். எண்ணெய், திரி, நெருப்பு மூன்றும் முன்பே அங்கே இருக்கின்றன, குச்சி புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை. ஆனால் அந்த அதிகாரி சொல்வதுபோலக் காலிக்குடத்தோடு வந்தவர்களை யாரோ தூண்டிவிட்டார்கள் என்றால், குடம் காலியாக இருப்பதே அடுத்தவர் சொல்லித்தான் அந்தப் பெண்களுக்குத் தெரியும் என்று அர்த்தமாகிறது.

அப்புறம் அந்த 'விடு'வைக் கவனியுங்கள். ஏத்திவிட்டான், மூட்டிவிட்டான், கிளப்பிவிட்டான், கொம்பு சீவிவிட்டான் என்று இந்த வகைச் சொற்களில் பாதிக்கு வாலில் ஒரு 'விடு' தொங்கும். செய்தவன் செய்துவிட்டு ஒதுங்கி நிற்கிறான், அடி வாங்குபவன் வேறொருவன். அதிலும் எத்தனை நுணுக்கம் பாருங்கள். கொம்பு சீவிவிட வேண்டுமானால் முட்டுகிற மாடு ஒன்று தயாராக இருக்க வேண்டும். உசுப்புவதற்கு மதுரைப் பக்கம் தூக்கத்திலிருந்து எழுப்புவது என்று பொருள் ("அஞ்சு மணிக்கு உசுப்பிவிடு"), ஆகவே உசுப்பேத்தப்படுகிறவன் அதுவரை சும்மா கிடந்தவன். சிண்டு முடிவதற்கு இரண்டு பேர் வேண்டும், இருவர் குடுமியையும் சேர்த்து முடிந்துவிட்டால் எவன் முதலில் திரும்பினாலும் இருவருக்கும் வலிக்கும். தூபம் போடுகிறவன் சாமியாடப் போகிறவர் பக்கத்திலேயே நின்று சாம்பிராணியைக் கொட்டிக்கொண்டே இருப்பான். வத்தி வைப்பது ரகசிய வேலை, திரி எரிந்து முடிப்பதற்குள் ஆள் தெரு முனையைத் தாண்டியிருப்பான். எங்கள் வீட்டில் இதையெல்லாம் ஒரே ஆள் செய்வார்.

என் பெரியம்மா ஒருவர். கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்தால், வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, முகத்தைக்கூட நிமிர்த்தாமல் கேட்பார்: "ஏம்ப்பா, உங்களை முதல் பந்திக்குக் கூப்பிடலையாமே?" அவ்வளவுதான். இரண்டாம் பந்தி முடிவதற்குள் மண்டபத்தின் இரண்டு பக்கமும் குரல் உயர்ந்திருக்கும், பெரியம்மா "ஐயோ, நல்ல நாளும் அதுவுமா என்னப்பா இது" என்று சமாதானம் பேசிக்கொண்டிருப்பார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான். கூப்பிடலை என்று அவர் சொல்லவே இல்லை, கூப்பிடலை'யாமே' என்றுதான் கேட்டார். அந்த 'ஆமே'யில்தான் விஷயமே இருக்கிறது, சொன்னது யார் என்று போலீஸ் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

சரி, அரசாங்கத்துக்கு வருவோம். தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி கடைசியில் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூடப் போய் நின்றார்கள், ஜெயித்தார்கள். மார்ச் 12 அன்று அந்த இருவரையும் கைது செய்ததும் மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டு, நகராட்சி அலுவலகமும் தபால் ஆபீசும் காவல் நிலையமும் தீக்கு இரையாயின, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். வெள்ளைக்காரன் காகிதத்தில் அது திருநெல்வேலிக் கலகம், நம் ஊர்க்காரர்கள் திருநெல்வேலி எழுச்சி என்கிறார்கள். எரிந்த கட்டடங்களும் விழுந்த பிணங்களும் இரண்டு பெயருக்கும் ஒன்றுதான். வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே கொடுத்தது இரண்டு ஆயுள் தண்டனை: ஒன்று ராஜத்துரோகமாகப் பேசியதற்கு, இன்னொன்று சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு, அதாவது பெரியம்மா பாஷையில் ஏத்திவிட்டதற்கு. கூலி போதாது என்று தொழிலாளிக்குத் தானாகத் தெரிந்திருக்கும் என்பதை ஒப்புக்கொண்டால் அந்த வழக்கே நிற்காது. 1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 124ஏ என்ற ராஜத்துரோகப் பிரிவு, அரசின்மீது 'அதிருப்தி'யைக் கிளப்புவதைக் குற்றம் என்றது. நம் வீட்டில் சாம்பாரில் உப்புக் குறைந்தாலே அதிருப்திதான்.

வேலூரில் 1806 ஜூலையில் நடந்ததைப் பழைய பாடப்புத்தகம் சிப்பாய்க் கலகம் என்றது, இப்போது புரட்சி என்கிறோம். பெயர் மாறியது நல்லது. ஆனால் சில இடங்களில் மாறவேண்டிய பெயர் மாறவே இல்லை. இலங்கையில் 1983 ஜூலையில் நடந்ததை இன்னும் 'கலவரம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. கலவரம் என்றால் கேட்கிறவருக்கு இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது போல இருக்கும். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு எது, கடை எது என்று பார்த்துக் கொளுத்தியதற்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்? கறுப்பு ஜூலை என்றோ படுகொலை என்றோ எழுதினால் அடித்தவன் ஒருவன், அடிபட்டவன் இன்னொருவன் என்பதாவது தெரியும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, நாங்களும் அதைத்தானே செய்கிறோம் என்பது. தூண்டுகிறோமா என்று கேட்டால், அந்த அளவுக்கு எங்களுக்குத் தைரியம் கிடையாது. நாங்கள் செய்வது பெரியம்மா வேலை. 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'என்று சொல்லப்படுகிறது' என்பதெல்லாம் அவருடைய 'ஆமே'தான், சட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கலவரம் 'வெடித்தது' என்று எழுதுகிறோம், ஏதோ வெயிலில் வைத்த சோடா பாட்டில் மாதிரி. அடித்தவன் சாதிப் பெயர் தெரிந்தும் 'இரு தரப்பினரிடையே மோதல்' என்று போடுகிறோம், தீ வைத்தவன் எந்தத் தெருக்காரன் என்று ஊருக்கே தெரியும்போது 'மர்ம நபர்கள்' என்கிறோம். ஊர்க்காரர்கள் 'அவன்தான் கொளுத்திப் போட்டான்' என்று ஆள்காட்டிச் சொல்கிற இடத்தில் எங்களிடம் ஆளே கிடையாது.

போன மாதம் ஒரு கோயில் தேர்த் தகராறு பற்றிய செய்தி வந்தது. 'அப்பகுதியில் பதற்றம் நிலவுகிறது' என்று முடிந்திருந்தது, நானும் பழக்கதோஷத்தில் படித்துவிட்டு அனுப்பிவிட்டேன். இதழ் அச்சாகி வந்தபிறகு நிருபரைக் கூப்பிட்டு, எங்கே நிலவியது, யாருக்குப் பதற்றம் என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "இல்ல சார், நான் போனப்போ டீக்கடையெல்லாம் திறந்துதான் இருந்துச்சு. ரெண்டு தெருக்காரங்களும் ஒரே பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தாங்க. பேசிக்கலை, அவ்வளவுதான்."