கரை ஒதுங்கியவை: வாசகர் கேள்வி

கேள்வி: மாரி முடிந்ததும் நிலாவெளிக் கரையில் ஒதுங்கும் வலை, செருப்பு, மரக்கட்டைகளைப் படமெடுக்கிறேன். மணல் அழுக்குச் சாம்பலாகவே விழுகிறது; பார்ப்பவர்கள் குப்பைப் படம் என்கிறார்கள். என்ன பிழை?
- வாசகர், உப்புவெளி

பதில்: கமரா வெளிர்மணலை நடுச்சாம்பலாகக் கணித்துவிடுகிறது. கமராவின் ஒளியளவுத் திருத்தத்தை (+/- குறி) +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள். புல்மோட்டைக் கருமணலில் இதற்கு நேர்மாறு, குறைக்க வேண்டும்.

நின்றபடி எடுத்தால் எதுவும் குப்பைதான். முழங்காலிடுங்கள். 24 அல்லது 28 மிமீ அகலக்கோண லென்ஸ், துளையளவு எஃப் 11, பொருளுக்கு அரை மீட்டர் தூரம். குவியம் பொருளில் இருக்கட்டும். அப்போதுதான் செருப்பின் அடியில் கொத்தாக ஒட்டிய சிப்பிகளும், அறுந்த வலையின் நீல நூலில் காய்ந்த உப்பும் தெரியும். பொருளைத் திருப்பி அழகாக வைக்காதீர்கள். அலை விட்ட கிடைதான் அதன் கதை.

தை மாதத்தில் சூரியன் தென்கிழக்கில் எழும். உங்கள் கரை வடகிழக்கைப் பார்ப்பதால் காலை வெயில் சாய்ந்து விழும். அரிப்பில் வெளிவந்த வேர்கள் அப்போதுதான் துலங்கும்.

அலை திரும்பும்போது முக்காலிக் காலடி மணல் கரைந்து இறங்கும், படம் ஆடும். முக்காலியின் கால்களை முதலிலேயே ஒரு சாண் அழுத்தி ஊன்றுங்கள். கமராவின் ஷட்டர் அரை விநாடி திறந்திருந்தால் போதும். நீண்ட நேரம் திறந்தால் கடல் பஞ்சாகி, கரையின் வெறுமை போய்விடும்.

லென்ஸில் உப்புத்துளி பட்டால் உலர்துணியால் தேய்க்காதீர்கள், கீறும். மணலை ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றுங்கள். முக்காலியையும் அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.